இரட்டைக் கொடி

போய்விடாதீர்கள் சார். உங்கள் டவர் வேலை முடிந்துவிட்டது, நீங்கள் கீழே இறங்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் ஜீப்பை இப்போது எடுத்துவிடாதீர்கள். இந்த மலையில் இன்றைக்கு இருக்கிற ஒரே வண்டி அதுதான். ஆம்புலன்ஸ் பாலம் வரைக்கும்தான் வரும். அதற்கு மேலே பாறையும் பள்ளமும். இங்கிருந்து பாலத்துக்கு ஏழு கிலோமீட்டர். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினால் மூன்று மணி நேரம் ஆகும். அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என்றால், அதோ அந்தக் கதவு சாத்திய வீட்டுக்குள் இருக்கிற வெள்ளைச்சி. நிறைமாதம். வாசலில் மூங்கில் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே சடையன், அவன்தான் புருஷன். உள்ளே அவன் அம்மா குப்பாயி இருக்கிறாள், அக்கா மாரக்காள் இருக்கிறாள். நான் காலை எட்டு மணிக்கு வந்தேன். இப்போது மணி பதினொன்றரை. கதவைத் திறக்கவில்லை.

என் பெயர் அமலோற்பவம். அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். முட்டியில் வலி இருக்கிறவள், விடிவதற்கு முன்னே பால் வண்டியில் பாலம் வரை வந்து, மிச்சத்தை நடந்தே ஏறியிருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாக வந்தேன். இதை யாராவது கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா?

சாப்பாட்டுப் பொட்டலம் வைத்திருக்கிறீர்களே, இந்த நிழலிலேயே பிரித்துச் சாப்பிடுங்கள் சார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அவளுக்கு என்ன என்றால், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. குழந்தை வெளியே வருகிற வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. ஏழாம் மாதம் நானேதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தேன். ஒன்பதாம் மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் இவர்கள் வரவை நிறுத்திவிட்டார்கள். வலி எடுத்துக் கர்ப்பப்பை வாய் திறந்தால் முதலில் பிய்வது அந்த நஞ்சுதான். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் கொட்டும். உள்ளே கைவிட்டுப் பார்க்கவும் கூடாது, பார்த்தாலே கொட்டும். ஆபரேஷன் ஒன்றுதான் வழி. உடம்பிலும் அவளுக்கு ரத்தம் கிடையாது. ஹீமோகுளோபின் ஏழரைதான் காட்டியது. நேற்று சாயங்காலம் சடையன் தேன் போட அடிவாரக் கடைக்கு வந்திருக்கிறான். கடைக்காரர் சும்மா, "உன் பொண்டாட்டி எப்படிடா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "சேலையில கறை படுது"ன்னு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடைக்காரர் வந்து என்னிடம் சொன்ன உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரத்தம் சொல்லி வைத்தேன்.

கறை படுவது முதல் எச்சரிக்கை. வலி எடுக்கவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. வலி எடுத்துவிட்டதா இல்லையா என்று தெரிந்தால் போதும். அதுதான் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? இவர்கள் கத்த மாட்டார்கள் சார். பிரசவ வலியில் வாய் திறந்து கத்தினால் பிள்ளை பயந்துபோய் உள்ளே திரும்பிவிடும் என்று ஒரு நினைப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். மூச்சு கூடச் சத்தமாக வராது. நான் மூன்றரை மணி நேரமாக அந்தக் கதவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூங்கில் பிளக்கிற சத்தம்தான் கேட்கிறது.

எங்கள் வேலையே காதை நம்பி நடக்கிற வேலை. வார்டில் எட்டுப் பேர் படுத்திருப்பார்கள், நாங்கள் இரண்டு பேர் இருப்போம். யார் அதிகமாகக் கத்துகிறாளோ அவளிடம் முதலில் ஓடுவோம். கத்தாதவளுக்கு நேரம் இருக்கிறது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். மலையிலிருந்து வருகிறவள் கத்தாமல் கிடந்தால் அது எங்கள் தப்பா? மாரக்காள் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஐப்பசியில் சார், மாரக்காளைக் கூட்டிக்கொண்டு குப்பாயியும் வெள்ளைச்சியும் வந்தார்கள். மாரக்காள் சத்தமே போடவில்லை. நான் எட்டிப் பார்த்து, "இன்னும் நேரம் கெடக்கு, படு" என்றேன். விடியற்காலை பார்த்தால் கட்டிலில் ஆளைக் காணோம். கட்டிலுக்குப் பின்னால் தரையில் குந்திக்கொண்டு, ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். தலை தெரிகிறது! பின்னால் குப்பாயி அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று பேராகச் சேர்ந்து தூக்கி டேபிளில் படுக்க வைத்தோம். காலை விரிக்க மாட்டேன் என்றாள், தொடையில் இரண்டு தட்டு தட்டினேன். அது அடி இல்லை சார். அது எல்லாருக்கும் தட்டுகிறதுதான். இடுப்பில் ஏதோ மணி கோத்துக் கட்டியிருந்தாள், அழுக்கு. அதைக் கத்தரித்துப் போட்டேன். சுத்தம் முக்கியம் இல்லையா? பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. மலைப் பிள்ளைக்கு அது நல்ல எடை.

இதையெல்லாம் தெரியாமல் செய்கிறவள் இல்லை நான். போன வருஷம் டவுனில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மலைவாழ் மக்களின் பழக்க வழக்கங்களை மதித்துப் பிரசவம் பார்ப்பது எப்படி என்று. மத்தியானம் பிரியாணி. கடைசியில் பரீட்சை. இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். எங்கள் நிலையத்தில் நான்தான் முதல். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன், வந்தால் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும் குப்பாயி கையை நீட்டுகிறாள். "எங்க கொடிய குடும்மா." இவர்களுக்கு அது ஒரு வழக்கம். நஞ்சுக்கொடியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, இலையில் மடித்து, தாய் குளிக்கிற இடத்தில் புதைப்பார்கள். முப்பது நாள் அந்த மண் மேலே தாய் குளித்த தண்ணீர் விழ வேண்டும். மண் ஈரம் காயாமல் இருந்தால் மாரில் பாலும் காயாதாம். நான், "அப்புறம் பாக்கலாம் போ" என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஏழு மணிக்குத் திரும்ப வந்து கேட்டாள். அதையேதான் சொன்னேன். எட்டு மணிக்கு மருத்துவக் கழிவு வண்டி வந்தது. மஞ்சள் பையோடு எடுத்துப் போய்விட்டான். எரிப்பதற்கு. ரூல் அது. நான் போட்ட ரூல் இல்லை.

குப்பாயி பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிழவி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கிழவி என்றால் என் வயதுதான் இருக்கும், மலையில் வேலை செய்கிற உடம்பு பாருங்கள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். மறுநாள் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். சாயங்காலம் ஆனபோது எனக்கே மனசு கேட்கவில்லை சார். நிஜமாகச் சொல்கிறேன், பாவமாக இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன? நீங்கள் டவர்க்காரர், எங்கள் இலாகாவில் யாரையும் தெரியாது. மத்தியானம் இன்னொரு பிரசவம் ஆகியிருந்தது. அந்த நஞ்சு பின்னறையில் பையில் இருந்தது. வண்டி மறுநாள்தான் வரும். அதை எடுத்து, பாலித்தீன் பையில் போட்டு, மேலே ஒரு துணி சுற்றி, குப்பாயி கையில் கொடுத்துவிட்டேன். "இந்தா, ஒன் கொடி. யார்கிட்டயும் சொல்லாத. என் வேலை போயிடும்." அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் காலைத் தொட வந்தாள். நான்தான் தடுத்தேன். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். யாருக்கு நஷ்டம்? சதைதானே? எல்லாம் ஒன்றுதானே? இவர்களுக்காக ரூலை மீறின ஒரே நர்ஸ் நான்.

ஏன் சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள்? சாப்பிடுங்கள். 

அந்த நஞ்சு இரட்டைப் பிள்ளை பெற்றவளுடையது. சமவெளிக்காரி ஒருத்தி. இரட்டைப் பிள்ளைகளுக்குச் சில சமயம் நஞ்சு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தட்டாக இருக்கும். அதில் இரண்டு தொப்புள்கொடி தொங்கும். அவசரத்தில் நான் அதை நினைக்கவே இல்லை. இவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்றா நினைத்தேன்? வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் தண்ணீரில் கழுவும்போது குப்பாயி பார்த்துவிட்டாள். இந்த மலையில் பாதிப் பேரை வெளியே எடுத்தவள் அவள். இரண்டு கொடி.

மறுநாள் அத்தனை தூரம் நடந்து இறங்கி, நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என் மேஜை மேல் அந்த இலைப் பொட்டலத்தை வைத்தாள். பிரித்தாள். இரண்டு கொடியையும் எடுத்து இரண்டு பக்கமும் விரித்து வைத்தாள். 

"இது எங்களதா?"

"ஒங்களதுதான்."

"அப்ப இன்னொரு புள்ள எங்கம்மா?"

எனக்குப் புரியவே இல்லை முதலில். பிறகுதான் விளங்கியது. கொடி இரண்டு என்றால் பிள்ளை இரண்டு. கொடி மாரக்காளுடையது என்றால் மாரக்காள் இரண்டு பெற்றிருக்க வேண்டும். கையில் கொடுத்தது ஒன்று. நாங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டோமாம்! நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. "சில பேருக்கு அப்படி இருக்கும்" என்றேன். "நாப்பது வருசத்துல நான் பாக்கல" என்றாள். "நீ படிச்சியா, நான் படிச்சேனா?" என்று சத்தம் போட்டேன். அவள் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து இந்த மலையிலிருந்து ஒருத்தி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று பேச்சு. ஆறு பிரசவம் வீட்டில் நடந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எனக்குத்தான் கேள்வி. டாக்டரம்மா மெமோ கொடுத்தார்கள். இவர்களுக்கு நான் செய்த நல்லதுக்கு எனக்குக் கிடைத்தது மெமோ.

குழந்தையா? மாரக்காள் குழந்தை இருக்கிறதா என்கிறீர்களா? 

இல்லை. இருபத்திரண்டாம் நாள் போய்விட்டது. சளி, காய்ச்சல். அதற்கு முன்பே மாரக்காளுக்குப் பால் வற்றிவிட்டது. மண் காய்ந்ததால் பால் காய்ந்தது என்று சொல்லிக்கொண்டார்கள். மண்ணுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு பிள்ளை எங்கே இன்னொரு பிள்ளை எங்கே என்று ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும்தான் பால் வற்றும். அது மனசு சம்பந்தப்பட்டது. நர்ஸிங் புத்தகத்திலேயே இருக்கிறது. காய்ச்சல் வந்த உடனே கீழே கொண்டு வந்திருந்தால் ஐந்து நாள் ஊசியில் பிழைத்திருக்கும். கொண்டு வரவில்லை. நம்பிக்கை இல்லையாம். ஒரு நஞ்சுக்கொடி மாறியதால் பிள்ளை செத்தது என்று நம்புகிறார்கள் சார். இந்தக் காலத்தில்! எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

ஒரு நிமிஷம் இருங்கள். கதவுப் பக்கம் அசைகிற மாதிரி இருந்தது. கேட்டுவிட்டு வருகிறேன்.

"ஏ குப்பாயி! கொஞ்சம் கதவத் தெற. நான் உள்ள வரல. அவ முகத்த மட்டும் பாத்துட்டுப் போறேன். ஜீப்பு நிக்குது பாரு. சார் கூட்டிட்டுப் போறேங்கறார். குப்பாயி!"

"இன்னொரு புள்ள எங்க?"

"இருந்தாத்தானே குடுக்க? ஒரு புள்ளதான் பொறந்துச்சு. கொடி ஒங்களதுதான். எத்தன தரம் சொல்றது?"

கேட்டீர்களா? அவ்வளவுதான். காலையிலிருந்து இதோடு ஐந்தாவது முறை. அதே கேள்வி. நானும் அதே பதில்தான் சொல்கிறேன். மகன்காரன் அங்கேயே உட்கார்ந்து மூங்கிலைப் பிளக்கிறான். "சடையா, நீயாவது சொல்லேன்" என்றால், "அம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க நர்ஸம்மா" என்கிறான். பதில்தான் சொல்கிறேனே!

உண்மையைச் சொன்னால் என்ன என்கிறீர்களா? நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். டாக்டரம்மா கேட்டபோது நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார், கையெழுத்துப் போட்டு. எந்த உறுப்புக் கழிவும் யாரிடமும் கொடுக்கப்படவில்லை, அந்தப் பெண்மணி எங்கிருந்தோ கொண்டு வந்தது என்று. இன்றைக்கு இந்த வாசலில் நின்று, அது வேறொருத்தியுடையது, நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்றால், நாளைக்கு அது அடிவாரத்துக்கு வந்துவிடும். அந்த இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டுக்கும் தெரிந்துவிடும். அவர்கள் சும்மா விடுவார்களா? சஸ்பெண்ட். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். ஒரு பக்கக் கையும் காலும் வராது. அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் நான் தினமும் டியூட்டிக்கு வருகிறேன். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வேலை போனால் அவருக்கு மருந்து யார் வாங்குவது?

அது மட்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் இவர்கள் தாங்குவார்களா? அவர்கள் கொடி வண்டியில் போய் எரிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? பொய்யாக இருந்தாலும் அவர்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கட்டும் என்றுதான் நான்...

என்ன சார்? 

வீட்டுக்குப் பின்பக்கமா? எனக்கு இங்கிருந்து தெரியாது, நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார், மாரக்காளா? துணி அலசுகிறாளா? 

மூன்றாவது தடவையா? நீங்கள் வந்ததிலிருந்தா? தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது? 

ஏன் சார் இவ்வளவு நேரம் சொல்லவில்லை? வாயைத் திறந்து ஒரு வார்த்தை...

நான் பேச விடவில்லையா.

பிடியுங்கள் இந்தப் போனை. நூற்றெட்டுக்குப் போடுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிற கேஸ், ரத்தம் போகிறது, பாலத்துக்கு வரச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சொல்லி வைத்திருக்கிறேன், தயாராக வைக்கச் சொல்லுங்கள். ஜீப்பைத் திருப்பி நிறுத்துங்கள். பின் சீட்டில் இருக்கிற கம்பிச் சுருளையெல்லாம் இறக்குங்கள். சடையா, எந்திரிடா. அந்த மூங்கிலைக் கீழே போடு.

"குப்பாயி. நான்தான். அமலோற்பவம். கதவத் தெறக்க வேணாம். நின்ன எடத்துல நின்னு கேளு. மாரக்கா, நீயும் இருக்கியா? நீயும் கேளு. அது ஒங்க கொடி இல்ல. கேக்குதா? ஒங்களது இல்ல. நீ ரெண்டு தரம் வந்து கேட்ட, நான் எடுத்து வைக்கல. காலைல வண்டில போயிருச்சு. எரிச்சிருப்பாங்க. நீ வாசல்ல உக்காந்துட்ட. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பின்னாடி இருந்தத எடுத்துக் குடுத்துட்டேன். ரெட்டப் புள்ள பெத்தவளோடது. அதான் ரெண்டு கொடி. ஒங்களதுன்னு நான் சொன்னது பொய். அன்னைக்கும் பொய். இன்னைக்குக் காலைலேர்ந்து சொன்ன அஞ்சும் பொய்."

சத்தமே இல்லை சார். உள்ளே சத்தமே இல்லை. நான் சொன்னதுதானே தப்பாகப் போயிற்று? சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும், இவர்களிடம்...

"நர்ஸம்மா."

மாரக்காள் குரல். 

"சொல்லு தாயீ."

"எனக்குப் பொறந்தது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். நான்தான் கையில வாங்குனேன். வயித்த அமுக்கிப் பாத்தேன், வேற ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு பொம்பளப் புள்ள. எங்கயும் யாரும் எடுத்துட்டுப் போகல. ஒரு புள்ளதான் பொறந்துச்சு. ஒரு புள்ளதான் போச்சு."

"சத்தியமா?"

"எம் புருசன் தலை மேல சத்தியம்."

கதவு திறந்துவிட்டது. ஐயோ. சார், இங்கே வாருங்கள். ஓடி வாருங்கள்.

பாயோடு தூக்குங்கள். சடையா, நீ தலைப் பக்கம். இடுப்பு மடங்கக் கூடாது. குப்பாயி, அவ கால ஒசத்திப் புடி, அப்படியே. எவ்வளவு நேரமாக? விடிகாலையிலிருந்தா? விடிகாலையிலிருந்தே வலியா? நான் எட்டு மணிக்கு வந்தபோதே வலியா? அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது... ஏன்டி, ஏன் ஒருத்தியும்... இல்லை. யாரையும் சொல்லவில்லை. தூக்குங்கள்.

"மாரக்கா, நீ எங்க ஏறுற? வண்டில எடம் இல்ல." 

"நானும் வர்றேன். இவளோட கொடிய நான்தான் கையில வாங்கணும். வேற யாரும் தொடக்கூடாது."

"பெரியாஸ்பத்திரில அதெல்லாம் குடுக்க மாட்டா... ஏறு. ஏறி ஒக்காரு. நான் கேக்கறேன். அங்க நான் நின்னு கேக்கறேன்."

போகலாம் சார். பள்ளம் பார்த்து மெதுவாகப் போக வேண்டாம். குலுங்கினால் நான் பிடித்துக்கொள்கிறேன். சார், ஒன்று. என்றைக்காவது யாராவது உங்களை வந்து கேட்பார்கள். இந்த வாசலில் நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிடுங்கள். எனக்காக ஒன்றும் மாற்ற வேண்டாம். 

ரத்தம் நிற்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. 

"வெள்ளச்சி. வெள்ளச்சி, கண்ணத் தெற. வலிக்குதா? வலிச்சா கத்து தாயீ. கத்துனாத்தானே எனக்குத் தெரியும்? எத்தன நிமிசத்துக்கு ஒருக்கா வருதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? வாய் விட்டுக் கத்து."

"அவ கத்த மாட்டா நர்ஸம்மா. ஒங்க கையக் குடுங்க."

"என்ன மாரக்கா?"

"அவ கைக்குள்ள ஒங்க கைய வைங்க. வலி வர்றப்ப அமுக்குவா. விடறப்ப விட்டுருவா. அத வச்சுப் பாத்துக்குங்க. எங்கம்மா அப்படித்தான் பாக்கும்."

இதை ஏன் யாரும் எனக்கு... 

இதோ வைத்திருக்கிறேன். கை ஐஸாக இருக்கிறது சார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே... இருங்கள். இதோ. அழுத்துகிறாள். அம்மாடி, என்ன பிடி! என் எலும்பு நொறுங்குகிறது. சத்தமே இல்லாமல் இவ்வளவு வலியா? மணி என்ன சார்? பன்னிரண்டு ஏழா? விட்டுவிட்டாள். வெள்ளச்சி, நான் இங்கதான் இருக்கேன். 

பாலத்துக்கு இன்னும் எத்தனை வளைவு? ஒன்பதா? 

திரும்ப வருகிறது. மணி பாருங்கள். அதற்குள்ளா? இரண்டே நிமிஷம். முன்பு இருந்த அளவு வேகம் இல்லை சார். பிடி குறைந்த மாதிரி... இல்லை, இருக்கிறது. அழுத்துகிறாள். நீங்கள் திரும்பிப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். அழுத்துகிறாள். அழுத்திக்கொண்டுதான் இருக்கிறாள். ஓட்டுங்கள்.